ஒன்பதாவது பாட்டை முதலில் வைத்தவளின் கடிதம்

என் அன்பு மச்சான் குகனுக்கு,

எங்கே இருந்தாலும் காது கேட்கிற தூரத்தில்தான் இருப்பீர் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஆக்லாந்தின் வெஸ்ட்கேட்டில் நீரும் என் தங்கச்சி சுகந்தியும் வாங்கிய புது வீட்டின் குசினியில் நீர் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றீர். நான் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாயை மூடாமலே கேட்டீர்: "மச்சாள், ஒண்டு கேக்கட்டோ? நீங்கள் பிள்ளையளின்ரை சோதினைத் தாளை முதல் பக்கத்தோடை திருத்தி முடிச்சிடுவியளோ?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "இத்தனை வருஷம் கணக்குப் படிப்பிச்சவளுக்கு முதல் பக்கமே காணும். பிள்ளை எங்கை போய் முடியும் எண்டு தெரிஞ்சிடும்" என்றேன்.

நீர் சிரித்தீர். "அப்ப சரி" என்று அடுத்த கோப்பையை எடுத்தீர். அவ்வளவுதான். அந்த "அப்ப சரி" இத்தனை காலமும் என் காதுக்குள் நிற்கிறது.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் பிழை எட்டுப் பேர் கூடிய இடத்தில் நடந்தது. அதை மூடிய கடிதத்தில் ஒத்துக்கொள்வது அழகில்லை. வாசிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதால் உமக்குத் தெரிந்தவற்றையும் சில இடங்களில் சொல்லுவேன். டீச்சர் புத்தி என்று பொறுத்துக்கொள்ளும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, யாராவது ஒருவர் வீட்டு ஹோலில் நாம் கூடுவோம். ஒருவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவருவார். எந்த மொழியாகவும் இருக்கலாம். முதலிலிருந்து கடைசி வரை ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் கேட்க வேண்டும். முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு துண்டுக் கடதாசியில் பெயர் போடாமல் அபிப்பிராயம் எழுத வேண்டும். கீழே "வைக்கலாம்" அல்லது "வேண்டாம்". பாதிக்கு மேல் "வைக்கலாம்" என்று வந்தால் அந்தத் தட்டின் பெயரும் கொண்டுவந்தவர் பெயரும் எங்கள் குறிப்புக் கொப்பியில் ஏறும். விதிகளை எழுதியவள் நான். கொப்பியும் என்னிடம்தான்.

உம்முடைய முறை வந்தபோது நீர் கொண்டுவந்தது ஓர் ஐரிஷ் குழுவின் தட்டு. நாட்டுப்புற மெட்டும் எலெக்ட்ரிக் கிட்டாரும் கலந்த பாட்டுகள். மங்கரேயில் விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் உம்மோடு வேலை செய்த ஐரிஷ்காரர் ஓய்வு பெற்றுப் போகும்போது கையில் திணித்துவிட்டுப் போனது. அட்டையில் சாம்பல் நிறக் கடல், கவிழ்த்துப் போட்ட ஒரு படகு, ஆளில்லை. ஒன்பது பாட்டுகள்.

நீங்கள் பால் காய்ச்சிக் குடிவந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. அந்த வீட்டில் அதுதான் முதல் கூட்டம். உமக்குச் சரக்குக் கொட்டகையில் வேலை முடியப் பிந்திவிட்டது. "எனக்காகக் காத்திருக்க வேண்டாம், போடுங்கோ" என்று சுகந்திக்குச் செய்தி அனுப்பியிருந்தீர். பாட்டுகளை மடிக்கணினியில் ஏற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் போயிருந்தீர்.

ஆட்கள் வரமுன்னம் நான் முதல் பாட்டைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். முழங்கையால் அழுத்திக் காற்றடைக்கும் அந்த ஐரிஷ் பைக்குழல் ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு மெட்டு, அடி அடியாக, ஆளைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களின் நடையில் வந்தது. நிறுத்தினேன். புது வீடு. என் தங்கச்சி வாழ வந்த வீடு. அந்தச் சுவர்கள் கேட்கிற முதல் பாட்டு செத்தவீட்டுப் பாட்டாக இருக்கலாமா? மங்களமாக ஒன்றும் இல்லையா என்று கீழே கீழே தட்டிப் பார்த்தேன். ஒன்பதாவது பாட்டு வயலினும் மேளமுமாகத் துள்ளிக்கொண்டு வந்தது. அதைப் பிடித்து இழுத்து முதலாவதாக வைத்தேன். மற்ற எட்டும் அதன் பின்னால் அப்படியே இருந்தன.

நல்லதொன்று செய்தேன் என்றுதான் நினைத்தேன், குகன். சத்தியமாக.

அன்றைய துண்டுகள் உமக்கு நினைவிருக்கும். நடராசா அண்ணை ஊரில் வானொலி அறிவிப்பாளராக இருந்தவர் என்பதால் எப்போதும் அவர்தான் வாசிப்பார். நீர் மஞ்சள் நிற வேலைச் சட்டையோடு வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த நேரம் அவர் குரல் ஹோல் முழுக்கக் கேட்டது: "நல்லாத் தொடங்கி நாசமாய்ப் போச்சு. வேண்டாம்." அது அவருடையதேதான். அடுத்தது கணினிக் கம்பெனியில் வேலை செய்கிற பாலாஜியுடையது: "முதல் பாட்டுக்குப் பத்து மார்க். மத்த எட்டும் ஒரே மழை. ஆக்லாந்துல பெய்யுற மழை போதாதா?" மலேசியாவிலிருந்து வந்த நர்ஸ் புஷ்பா எழுதியிருந்தது: "எனக்கு வார்டு ஞாபகம் வருது லா. லீவு நாள்ல அது வேணாம்."

என்னுடையது இது: "பத்துக்கு மூன்று. கடைசி வரை இருட்டு. விடிவே இல்லை. வேண்டாம்."

விடிவை எடுத்து முன்னால் வைத்தவள் நான். விடிவே இல்லை என்று எழுதியவளும் நான். அப்போதுகூட எனக்கு விளங்கவில்லை.

நீர் சப்பாத்தைக் கையில் பிடித்தபடியே நின்றீர். "முதல் பாட்டு நல்லமெண்டு எல்லாரும் எழுதியிருக்கினம். அதுதான் எனக்குப் புதினமாக் கிடக்கு" என்றீர். அந்தக் கணத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். "நான்தான் மாற்றினேன்" என்று இரண்டு சொல். நான் கேத்திலைப் பார்க்கக் குசினிக்குள் போனேன். கேத்திலில் என்ன இருக்கிறது பார்க்க? உம்முடைய தட்டு தள்ளுபட்டது; அதன் பிறகு கோப்பை கழுவும்போதுதான் நீர் அந்தச் சோதினைத் தாள் கேள்வியைக் கேட்டீர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் நீர் வந்தீர். கேட்டீர், எழுதினீர், சுகந்தி கறி வைத்து மடித்துப் பொரிக்கிற பற்றிஸைப் புகழ்ந்தீர். ஆனால் உம்முடைய முறை வரும்போதெல்லாம் "நான் அடுத்தமுறை பாக்கிறன், நீங்கள் கொண்டு வாங்கோ" என்று மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டீர். நடராசா அண்ணை "எங்கை எங்கடை செத்தவீட்டு டீஜே?" என்று பகிடி பண்ணுவார். நீரும் சேர்ந்து சிரிப்பீர். நான் அந்தச் சிரிப்பை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு நீர் போய்விட்டீர். ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போக வெளிக்கிட்டவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலிலேயே இருந்துவிட்டீர். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அது சுகந்தியின் கதை.

இப்போதைய புதினம் சொல்கிறேன். சுகந்தி உம்முடைய காரைத்தான் ஓட்டுகிறாள். மோட்டர்வே என்றால் நடுங்கியவள், இப்போது வெஸ்ட்கேட்டிலிருந்து நகர மையத்துக்கு நாள்தோறும் தனியாக வேலைக்குப் போய் வருகிறாள். லேன் மாறும்போது மற்றவர்களைத் திட்டக்கூடப் பழகிவிட்டாள். உமக்குக் கேட்டிருந்தால் பெருமையாக இருந்திருக்கும்.

உம்முடைய முதல் வருஷத்து ஆட்டைத் திவசம் முடிந்த அடுத்த கிழமை எனக்கு நகரத்தில் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. முதல் நாளே வந்து தங்கி, காலையில் அவளோடு ஏறினேன். கார் இஞ்சின் பிடித்ததும் பைக்குழல் சத்தம் எழும்பியது. அதே சுருதி.

"இதை ஏன் இன்னும் வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"அந்தக் கூட்டத்துக்குப் பிறகு காரிலை போட்டவர், சீடி உள்ளுக்கை இறுகிப்போச்சு அக்கா. எடுக்கவும் ஏலாது, அடுத்த பாட்டுக்குப் போகவும் ஏலாது. எல்லாப் பொத்தானும் ஜப்பான் எழுத்து. அவருக்கே தெரியாது, அமத்திப் பாத்துப் பாத்துக் களைச்சுப்போய் விட்டிட்டார். காரை ஸ்ரார்ட் பண்ணினா ஒண்டிலை இருந்து துவங்கும். அவ்வளவுதான்."

ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள் இங்கே எத்தனை பேரிடம் இருக்கின்றன! அவற்றின் பாட்டுப்பெட்டிகள் தம் பிறந்த நாட்டு மொழியை விட்டுக்கொடுப்பதில்லை. அன்று காலை அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் கை சும்மா இருந்திருக்காது. ஏதோ ஒரு பொத்தானை அழுத்தித் துள்ளல் பாட்டுக்குத் தாவியிருப்பேன்.

மழை. மோட்டர்வேயில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. முதலாவது பாட்டு, ஆளைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அந்த மெட்டு. இரண்டாவதில் ஒருவர் திரும்பி வராத படகைப் பற்றிப் பாடுகிறார். மூன்றாவதில் எந்த வாத்தியமும் இல்லை, ஒரு பெண்ணின் குரல் மட்டும். நாலாவதில் கிட்டார் கோபத்தோடு உறுமுகிறது. அப்படியே ஒவ்வொன்றாக இறங்கி, எட்டாவதில் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சவில்லை. ஒரு தோல் மேளத்தில் விரலால் தட்டுகிற சத்தம். மூடிய கதவை ஒருவர் பொறுமையாகத் தட்டிக்கொண்டிருப்பதுபோல. அதுவும் நின்றது.

பிறகு வயலின் வந்தது, குகன்.

நான் சீட்டில் நிமிர்ந்து இருந்துவிட்டேன். அந்தத் துள்ளல் பாட்டின் மெட்டு எனக்குத் தெரியும். முதலாவது பாட்டின் மெட்டு! அதே சுரங்கள், அதே ஏற்ற இறக்கம். அங்கே ஆளைத் தூக்கிக்கொண்டு நடந்த மெட்டு, இங்கே எழும்பி ஆடுகிறது. எட்டுப் பாட்டும் அந்த மெட்டை எழுப்புவதற்காகத்தான் இருந்தன. நான் அதைத் தலைகீழாக வைத்தேன். ஆடிக்கொண்டிருந்ததைப் படுக்க வைத்து, பிறகு ஏழு பாட்டுக்கு அதன் மேலே மண்ணைப் போட்டேன். அதைக் கேட்டவர்கள் வேறு எதை எழுதுவார்கள்?

என் மாணவர்களுக்கு நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஐந்தையும் மூன்றையும் எந்த வரிசையில் கூட்டினாலும் எட்டு. ஆனால் கழிக்கும்போது முன்னால் எது நிற்கிறது என்று பார்க்க வேண்டும், மாற்றி வைத்தால் விடை பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். ஒன்பது பாட்டையும் நான் கூட்டல் என்று நினைத்துவிட்டேன்.

"அக்கா, ஏன் அழுறியள்?" என்று சுகந்தி கேட்டாள்.

"கண் மருந்து" என்றேன்.

"இன்னும் டாக்டரிட்டையே போகேல்லை."

சொல்லிவிட்டேன். புது வீடு, மங்களம், மடிக்கணினி, கேத்தில், எல்லாம். அவள் கண்ணாடியைப் பார்த்து லேன் மாறினாள். பிறகு கேட்டாள்: "அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப எனக்கு ஏன் சொல்லுறியள்? சொல்ல வேண்டிய ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

என் தங்கச்சி எப்போதிலிருந்து இப்படிக் கதைக்கத் தொடங்கினாள்?

எங்கள் விதிகளில் ஒன்று உண்டு. தள்ளிவிட்ட தட்டை மறுபடி ஒரேயொரு முறை கொண்டுவரலாம். ஆனால் அதற்கு எதிராக எழுதிய ஒருவர்தான் கொண்டுவர வேண்டும், ஏன் பிழையாக எழுதினேன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். இரண்டாம் முறையும் தள்ளிவிட்டால் அந்தத் தட்டைப் பற்றி அதன்பிறகு பேச்சே இல்லை. விதி எழுதிய நாளிலிருந்து ஒருவரும் அதைப் பயன்படுத்தவில்லை. தான் எழுதியது பிழையென்று யார்தான் எழும்பி நின்று சொல்வார்கள்?

ஆக, உம்முடைய தட்டுக்கு மிஞ்சியிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். எனக்கு இரண்டு பயம். மறுபடியும் "வேண்டாம்" என்று வந்தால், நீர் ரசனையில்லாதவர் என்ற பெயர் அந்தக் கொப்பிக்கு வெளியே நிரந்தரமாக நின்றுவிடும். இரண்டாவது பயம் இன்னும் மோசம். "பாவம், மனுசன் போட்டார்" என்று எல்லோரும் இரக்கப்பட்டு "வைக்கலாம்" என்று எழுதிவிட்டால்? அழுத பிள்ளைக்குப் போடுகிற மார்க்கை நான் என் வகுப்பில் ஒருபோதும் போட்டதில்லை. உமக்கும் அது வேண்டாம் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம், அதே ஹோலில் கூடினோம். சுகந்தி, நான், நடராசா அண்ணையும் அவருடைய மனைவியும், பாலாஜியும் அவருடைய மனைவியும், புஷ்பா. எட்டாவது ஆளாக உம்முடைய மகள் மது. நீர் இருந்த இடத்தில் அவள் இருந்தாள். உம்முடைய மடிக்கணினியில் ஸ்பீக்கரைப் பூட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "பெரியம்மா, யூ ஆர் நெர்வஸ்!" என்றாள். நான் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை அவள் கண்டுவிட்டாள்.

எழும்பி நின்று சொன்னேன். வகுப்பில் நின்று பழகியவளுக்கு அன்று நாக்கு ஒட்டிக்கொண்டது. உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது என்று உமக்குத் தெரியும். "பாயாசத்தை முதல்லை குடுத்திட்டு, பிறகு சோறு கறியைக் குடுத்துக்கொண்டே போய், இனிப்பே இல்லாத சாப்பாடு எண்டு நானே குறை சொன்ன மாதிரி" என்றேன்.

பாலாஜி கை தூக்கினார். "டீச்சர், எங்க வீட்டு விசேஷத்துல இலையில முதல்ல பாயாசம்தான் வைப்பாங்க."

"அடுத்த மாசம் உங்கடை வீட்டிலை வந்து சாப்பிட்டுப் பாக்கிறன், இப்ப இருங்கோ" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு என் நாக்கும் இளகியது. மிச்சத்தையும் சொன்னேன். கேத்திலைப் பார்க்கப் போனதையும் சொன்னேன்.

நடராசா அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அண்டைக்கு நாங்கள் கேட்டது குகன்ரை சீடி இல்லை. டீச்சரின்ரை சீடி."

"ஓம் அண்ணை."

"டீச்சரின்ரை சீடிக்குத்தான் நான் 'நாசமாய்ப் போச்சு' எண்டு எழுதினனான்."

"ஓம்."

"அது சரியாத்தான் எழுதியிருக்கிறன்" என்றார். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று சொல்லிவிட்டுத்தான் இருந்தேன்: "குகன் இல்லையெண்டு ஒருத்தரும் இரக்கப்பட்டு எழுதக் கூடாது. அது அவருக்கு மரியாதையில்லை."

மது பாட்டைப் போட்டாள். ஒன்றிலிருந்து.

நான் பாட்டைக் கேட்கவில்லை, குகன். முகங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் பாட்டில் பாலாஜியின் மனைவி கதவைப் பார்த்தாள். இரண்டாவதில் நடராசா அண்ணை கையைக் கட்டிக்கொண்டார், அது நல்ல அறிகுறியில்லை. மூன்றாவதில் அந்தப் பெண் தனியாகப் பாடத் தொடங்கியதும் புஷ்பா போனைக் கவிழ்த்து வைத்தாள். நாலு, ஐந்து, ஆறு. ஒருவரும் அசையவில்லை. பிடித்ததாலா, மரியாதைக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

எட்டாவது பாட்டு வந்தது. விரல் தட்டுகிற அந்தச் சின்னச் சத்தம். சரியாக அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டுகிற மெஷினை ஸ்ரார்ட் பண்ணினார். ஞாயிறு பின்னேரம், வெயில் எறித்திருக்கிறது, அவர்மீது குற்றமில்லை. ஆனால் மேளச் சத்தம் முழுக்க அதில் மூழ்கிவிட்டது.

நடராசா அண்ணை எழும்பினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பி நடந்தார். முடிந்தது, வெளியே போகிறார் என்று நினைத்தேன். அவர் ஜன்னலடிக்குப் போய், ஒரு சத்தமும் வராமல் அதை இழுத்துச் சாத்தினார். மற்ற ஜன்னலையும் சாத்தினார். திரும்பி வந்து கதிரையில் இருக்காமல் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். அந்த வயதில், அந்த முழங்காலோடு.

மேளம் நின்றது. வயலின் எழும்பியது.

முதலில் கண்டுபிடித்தவர் பாலாஜி. "அடடே! அதே டியூன்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பேசக்கூடாது என்ற விதி நினைவு வந்து வாயைப் பொத்தினார். நடராசா அண்ணையின் விரல் தொடையில் தாளம் போட்டது. அவருடைய மனைவி அவரைப் பார்த்துச் சிரித்தார். புஷ்பாவின் தோள் ஆடியது. உம்முடைய ஹோல் எழும்பி நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

பாட்டு முடிந்தது. பிறகு எழுதினார்கள். நடராசா அண்ணை வானொலிக் குரலில் வாசித்தார். சொல்லுகிறேன், கேளும்.

"முதல் பாட்டுல எழுந்து போயிடலாம்னு இருந்தேன். நல்ல வேளை, கால் மரத்துப் போச்சு. வைக்கலாம்."

"வார்டுல ரொம்ப நாள் படுத்திருந்தவங்க துணி மாத்திக்கிட்டு வீட்டுக்குக் கிளம்புவாங்க இல்ல, அந்தக் காலை மாதிரி இருக்கு லா. வைக்கலாம்."

"பாடுறவருக்குக் குரல் காணாது. வயலின்காரி கெட்டிக்காரி. வைக்கலாம்."

மது ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அதன் பொருள் இது: அப்பா வேலையால் வரும் வழியில் என்னை ஸ்கூலிலிருந்து ஏற்றி வரும்போது, வீட்டு வாசலுக்கு வந்தும் ஒன்பதாவது பாட்டு முடியாவிட்டால், அது முடியும்வரை தெருவை இன்னொரு சுற்றுச் சுற்றுவார். எனக்குப் பசிக்கும், கத்துவேன். இன்றைக்குத்தான் அந்தச் சுற்று ஏனென்று தெரிந்தது. வைக்கலாம்.

ஐந்தாவது துண்டை எடுத்ததும் நடராசா அண்ணையின் குரல் இறங்கியது. அவருடையதுதான். "நான் அறிவிப்பாளனாய் இருந்த காலத்திலை இப்பிடி ஒண்டை முழுசாப் போட விட்டிருக்கமாட்டினம். விட்டிருந்தால் போட்டிருப்பன். வைக்கலாம்."

ஐந்து! எட்டில் ஐந்து. உம்முடைய தட்டு ஏறிவிட்டது. ஆறாவது பாலாஜி: "பத்துக்கு ஒன்பது. மழைக்கு ஒரு மார்க் குறைச்சிருக்கேன். வைக்கலாம்." ஏழாவது என்னுடையது, ஒரு சொல் மட்டும். நான் அன்றைக்குப் போதுமான அளவு கதைத்துவிட்டேன்.

எனக்குச் சந்தோசம். ஆனாலும் அடியில் ஒரு முள் உறுத்தியது. ஏழுக்கு ஏழு. இத்தனை பேருக்கும் உண்மையாகவே பிடித்ததா? இல்லை, உம்முடைய வீட்டில், உம்முடைய மனைவியின் முன்னால் இருந்து எழுதியதால் வந்த இரக்கமா?

எட்டாவது துண்டை நடராசா அண்ணை விரித்தார். ஒருமுறை தனக்குள் வாசித்தார். பிறகு சத்தமாக:

"எனக்கு உந்தப் பாட்டுகள் ஒரு நாளும் பிடிச்சதில்லை. இண்டைக்கும் பிடிக்கேல்லை. வேண்டாம்."

எல்லோரும் சுகந்தியைப் பார்த்தோம்.

"என்ன பாக்கிறியள்?" என்றாள். "அவர் இருக்கேக்கையும் இதைத்தான் சொன்னனான். செத்துப்போனார் எண்டதுக்காக நல்லம் எண்டு எழுதுறதோ? அவருக்கு எல்லோ அது அவமானம்."

நடராசா அண்ணை சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். நிலத்தில் இருந்தபடியே அந்தத் துண்டை உயர்த்திப் பிடித்தார். "இதுதான், பிள்ளை, துண்டு!" என்றார். மது தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். புஷ்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினாள்.

என் முள் கழன்று விழுந்தது, குகன். உம்முடைய மனைவியே "வேண்டாம்" என்று எழுதக்கூடிய ஓர் அறையில் மற்ற ஏழு பேருக்கும் இரக்கப்பட்டு எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. நீர் இரக்கத்தால் வெல்லவில்லை. ஏழுக்கு ஒன்று. நேர்மையாக, மதிப்புடன் வென்றீர். அந்த ஒன்றுதான் மற்ற ஏழுக்கும் பெறுமதி கொடுத்தது. இதைவிட நல்ல சோதினை முடிவை நான் எந்த வகுப்பிலும் கண்டதில்லை.

கொப்பியை எடுத்தேன். விதிப்படி, இரண்டாம் முறை கொண்டுவந்தவள் என்ற வகையில், என் பெயர் வர வேண்டும். "கொண்டுவந்தவர்" என்ற இடத்தில் இந்திராணி என்று எழுதத் தொடங்கியதும் நடராசா அண்ணை எட்டிப் பார்த்தார். "டீச்சர், உங்கடை சீடியைத்தான் நாங்கள் தள்ளிவிட்டமே. இது வேறை ஆளின்ரை." வெட்டினேன். நாற்பது வருஷத் தொழிலில் நான் மிகவும் சந்தோசமாகப் போட்ட வெட்டு அது. மேலே உம்முடைய பெயரை எழுதினேன், முழுப்பெயராக, நல்ல எழுத்தில்.

பிறகு தேத்தண்ணி. பற்றிஸ் முடிந்துவிட்டது. ஆட்கள் போக மனமில்லாமல் நின்று கதைத்தார்கள். பாலாஜி ஏழாவது பாட்டுக்கும் மூன்றாவது பாட்டுக்கும் என்ன தொடர்பு என்று நடராசா அண்ணையோடு சண்டை பிடித்தார். புஷ்பா இன்னொரு முறை போடச் சொன்னாள். "என்ரை வீட்டிலை வேண்டாம்" என்றாள் சுகந்தி, எல்லாருக்கும் சீனி போட்டுக்கொண்டே.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி யாருடைய தட்டையும் அவர் அடுக்கிய வரிசையிலேயே கேட்பேன், கடைசிச் சத்தம் அடங்கி ஒரு மூச்சு விடும்வரை என் பேனா துண்டில் படாது. எனக்குப் பிடிக்காவிட்டால் உம்முடைய மனைவியைப்போல நேராக எழுதுவேன். பிழை விட்டால் அன்றைக்கே, தேத்தண்ணி வரமுன்னம், சொல்லிவிடுவேன்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும்: முன்பு பிடிக்கவில்லை என்று ஒதுக்கிய ஓர் இசைத்தட்டை இந்த ஞாயிற்றுக்கிழமை எடுங்கள், ஒரு பாட்டையும் தாண்டாமல், முதலாவதிலிருந்து கடைசிவரை இருந்து கேளுங்கள்.

என்றும் உம்முடைய மச்சாள்,
இந்திராணி